மஞ்சள் இல்லாத திரையில் மஞ்சள் தெரிவது எப்படி?

முதன்மை நிறங்கள் எவை என்று மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஓவியம் கற்பவர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்பார். இயற்பியல் படித்தவர் சிவப்பு, பச்சை, நீலம் என்பார். அச்சகத்தில் வேலை செய்பவர் சயான் (இளநீலப் பச்சை), மெஜந்தா (ஊதா சாயலுள்ள இளஞ்சிவப்பு), மஞ்சள் என்று சொல்லிவிட்டுக் கறுப்பையும் சேர்த்துக்கொள்வார். மூவரும் சந்தேகமே இல்லாமல் சொல்வார்கள். கேட்டவர்தான் குழம்பிப்போவார்.

இந்தக் குழப்பத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ஒளிக்கு ஒரு விதி, சாயத்துக்கு வேறு விதி, இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்" என்பதுதான். அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. ஏன் இரண்டு விதிகள்? ஏன் இரண்டிலும் மூன்று நிறங்கள்? நான்கோ ஐந்தோ ஏன் இல்லை? இந்தக் கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது. உண்மையில் இரண்டுக்கும் அடியில் ஒரே காரணம்தான் இருக்கிறது. அந்தக் காரணம் நம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்கு முதலில் ஒளியையும் அடுத்ததாகப் பொருள்களையும் பார்த்துவிட வேண்டும்.

வெள்ளை ஒளிக்குள் இருப்பவை

ஒளி ஓர் அலை. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அதன் அலைநீளம். ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறியது என்பதால் அதை நானோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளியெல்லாம் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். 450ஐ ஒட்டிய ஒளி நமக்கு நீலமாகவும், 530ஐ ஒட்டியது பச்சையாகவும், 580 அளவில் இருப்பது மஞ்சளாகவும், 650க்கு மேற்பட்டது சிவப்பாகவும் தெரிகிறது. இந்த எல்லைகளுக்கு வெளியே உள்ள புற ஊதாவும் அகச்சிவப்பும் இதே இனத்து அலைகள்தான். அவற்றை உணரும் வசதி நம் கண்ணுக்கு இல்லை.

முப்பட்டகக் கண்ணாடி வழியாகச் சூரிய ஒளி சென்றால் வண்ணப் பட்டை விழும் என்பது நியூட்டனுக்கு முன்பே தெரிந்த செய்தி. கண்ணாடிதான் வெள்ளை ஒளிக்கு நிறம் ஏற்றுகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். நியூட்டன் அந்தப் பட்டையிலிருந்து ஒரு நிறத்தை மட்டும் சிறு துளை வழியாகப் பிரித்தெடுத்து, இரண்டாவது முப்பட்டகத்துக்குள் செலுத்தினார். நிறம் ஏற்றுவது கண்ணாடியின் வேலையாக இருந்தால், இரண்டாவது கண்ணாடியும் ஏதாவது ஒரு புது நிறத்தைச் சேர்த்திருக்க வேண்டும். சிவப்பு சிவப்பாகவே வெளியே வந்தது. நீலமும் மாறவில்லை. பிரிந்த நிறங்களை வில்லையால் மீண்டும் ஒன்றுகூட்டினால் வெள்ளை திரும்பக் கிடைத்தது. 1672இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய கடிதத்தில் அவர் இதை அறிவித்தார். நிறங்கள் எல்லாம் தொடக்கத்திலிருந்தே வெள்ளை ஒளிக்குள் கலந்திருந்தவை என்பதும், கண்ணாடி அவற்றைத் தனித்தனியே விலக்கி வைத்தது என்பதும் அப்படித்தான் உறுதியாயின. இப்படி விரிந்து விழும் பட்டைக்கு நிறமாலை என்று பெயர்.

நிறமாலையில் ஏழு நிறங்கள் என்று நாம் படித்த எண்ணிக்கைக்கு இயற்பியல் காரணம் எதுவும் கிடையாது. பட்டை தொடர்ச்சியானது. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களைத்தான் குறித்தார். பிறகு இசையின் ஏழு சுரங்களோடு பொருந்த வேண்டும் என்று விரும்பி ஏழாக்கினார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 580 நானோமீட்டர் ஒளியை "மஞ்சள் ஒளி" என்று பேச்சு வசதிக்காகச் சொல்கிறோம். அந்த அலையின் மேல் மஞ்சள் எதுவும் பூசப்பட்டிருக்கவில்லை. அலைக்கு நீளம் உண்டு, வலிமை உண்டு. மஞ்சள் என்ற உணர்வு நமக்குள்தான் எழுகிறது. கதிர்களுக்கு நிறம் இல்லை என்று நியூட்டனே தெளிவாக எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரியை மறந்துவிடுவதால்தான் நிறத்தைப் பற்றிய பேச்சு பாதி நேரம் தடம் மாறுகிறது.

பொருள்கள் ஒளியைக் கழிக்கின்றன

இலை பச்சை நிறத்தை "உடையது" என்கிறோம். வெள்ளை ஒளி இலை மேல் விழும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இலைக்குள் பச்சையம் இருக்கிறது. அதன் மூலக்கூறுகளில் உள்ள எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட அளவு ஆற்றலைத்தான் ஏற்றுக்கொள்ளும். நீலப் பகுதியிலும் சிவப்புப் பகுதியிலும் உள்ள ஒளியின் ஆற்றல் அவற்றுக்குப் பொருந்துகிறது. ஆகவே அந்த ஒளியைப் பச்சையம் விழுங்கிக்கொள்கிறது. இதற்கு உட்கவர்தல் என்று பெயர். இடையில் உள்ள பச்சைப் பகுதி அந்த அளவுக்கு உட்கவரப்படுவதில்லை. அதில் கணிசமான பங்கு திரும்பி வருகிறது. அதாவது எதிரொளிக்கப்படுகிறது. அதுவே நம் கண்ணை வந்தடைகிறது. பச்சையத்தைப் போல ஒளியின் ஒரு பகுதியை உட்கவர்ந்து மற்றதை விட்டுவிடும் பொருளை நிறமி என்கிறோம். துணிச் சாயம், அச்சு மை, சுவர் வண்ணம் எல்லாவற்றிலும் வேலை செய்வது இதுதான்.

பொருள் தன் நிறத்தைத் தானே உண்டாக்கி வெளியே அனுப்புவதில்லை. வந்த ஒளியிலிருந்து ஒரு பகுதியைக் கழிக்கத்தான் அதனால் முடியும். இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது: வராத ஒளியைப் பொருள் திருப்பித் தர முடியாது. சிவப்புத் துணியின் மேல் தூய பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சினால் துணி கறுப்பாகத் தெரியும். திருப்பி அனுப்ப அங்கே சிவப்பு வந்து சேரவே இல்லை.

குறைந்த அழுத்தச் சோடியம் விளக்குகள் இதைத் தெருவளவில் காட்டின. அவற்றின் ஒளி முழுவதும் 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரு மெல்லிய கீற்றிலேயே குவிந்திருக்கும். அந்த விளக்கின் கீழே நீல வண்டியும் சிவப்பு வண்டியும் அடையாளம் தெரியாமல் கருமையாகிவிடும். உலகம் முழுவதும் மஞ்சளின் ஏற்ற இறக்கமாக மட்டுமே தெரியும். வண்டியின் பூச்சில் எந்த மாற்றமும் இல்லை. வந்து விழுந்த ஒளிதான் வேறு.

எல்லா நிறமும் நிறமியால் வருவதில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு நகர்கிறேன். சோப்புக் குமிழியின் வண்ணமும் மயில்தோகையின் மினுக்கமும் நுண்ணிய படலங்களிலும் அடுக்குகளிலும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் உண்டாகின்றன. வானத்தின் நீலம், குறுகிய அலைகளைக் காற்று அதிகமாகச் சிதறடிப்பதால் வருகிறது. வழி எதுவானாலும், கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இறுதியில் கணக்கு.

இதுவரை பார்த்தது இதுதான்: விளக்கு ஒரு கலவையை அனுப்புகிறது, பொருள் அதிலிருந்து கொஞ்சத்தைக் கழிக்கிறது, மிச்சம் கண்ணுக்கு வருகிறது. இனிதான் கதையின் மையம்.

கண் வைத்திருக்கும் மூன்று கணக்குகள்

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கோல் செல்கள் மங்கிய ஒளியிலும் வேலை செய்பவை. கூம்பு செல்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்பவை. நிறம் காண்பதற்கு அடிப்படை இவைதான். ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம் கூம்புகள் இருக்கின்றன. அவற்றிலும் மூன்று வகை உண்டு. ஒரு வகை 420 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைகளுக்கு அதிகமாகக் கிளர்ச்சியடையும். மற்றொன்று 530ஐ ஒட்டி, மூன்றாவது 560ஐ ஒட்டி. இவற்றை நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று சொல்வது வழக்கம். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் இந்தப் பெயர்கள் தவறான எண்ணத்தைத் தருகின்றன. "சிவப்பு"க் கூம்பின் உச்சமான 560 சிவப்பே அல்ல, மஞ்சள் சாயலுள்ள பச்சை. அதன் எல்லையும் பச்சைக் கூம்பின் எல்லையும் பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அதனால் குறு, நடு, நெடு என்று அலைநீளத்தை வைத்தே அவற்றை அழைக்கிறேன்.

ஒரு கூம்பு மூளைக்குச் சொல்வது ஒரே செய்திதான்: தான் எவ்வளவு கிளர்ச்சியடைந்தது என்பது. எந்த அலைநீளத்தால் கிளர்ச்சியடைந்தது என்று அதனால் சொல்ல முடியாது. பொருத்தமான அலைநீளத்தில் சிறிதளவு ஒளி வந்தாலும், பொருத்தம் குறைந்த அலைநீளத்தில் நிறைய ஒளி வந்தாலும் அது ஒரே செய்தியைத்தான் அனுப்பும். ஆகவே ஒரே ஒரு வகைக் கூம்பை வைத்துக்கொண்டு நிறத்தை அறியவே முடியாது. நிலவொளியில் உலகம் சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அப்போது வேலை செய்யும் கோல் செல்கள் ஒரே வகை.

மூன்று வகைக் கூம்புகள் இருந்தால் மூளை மூன்று எண்களை ஒப்பிட முடியும். குறு எவ்வளவு, நடு எவ்வளவு, நெடு எவ்வளவு. நூற்றுக்கணக்கான அலைநீளங்களின் கலவையாக வரும் ஒளி, விழித்திரையைத் தாண்டும்போது மூன்றே எண்களாகச் சுருங்கிவிடுகிறது. நிறம் என்று நாம் உணர்வதற்கு ஆதாரம் அந்த மூன்று எண்கள்தான்.

காதோடு ஒப்பிட்டால் இதன் விசித்திரம் புரியும். இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால், பழகிய காது இரண்டையும் தனித்தனியே கேட்கும். இடைப்பட்ட மூன்றாவது சுரம் ஒன்று ஒலிப்பதாக அது ஒருபோதும் எடுத்துக்கொள்ளாது. கண் அப்படியில்லை. சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் ஒரே இடத்தில் விழச் செய்தால், அது இரண்டின் கலவை என்று கண்ணால் சொல்ல முடியாது. அங்கே மஞ்சள் தெரிகிறது.

ஏன் மஞ்சள்? 580 நானோமீட்டர் ஒளி மட்டும் கண்ணுக்குள் போனால் நெடுவும் நடுவும் நன்றாகக் கிளர்ச்சியடையும், குறு கிட்டத்தட்ட சும்மா இருக்கும். சிவப்பையும் பச்சையையும் சரியான அளவில் கலந்து அனுப்பினாலும் இதே நிலைதான்: சிவப்பு நெடுவைக் கிளப்பும், பச்சை நடுவையும் நெடுவையும் கிளப்பும், குறு சும்மா இருக்கும். மூன்று எண்களும் ஒன்றாக வந்துவிட்டால் மூளைக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. ஒளிகள் இரண்டும் முற்றிலும் வேறு, நிறம் ஒன்று. இப்படி வெவ்வேறு கலவைகள் ஒரே நிறமாகத் தெரிவதற்கு நிறப்போலி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிறக் கலப்பு என்று நாம் சொல்வதெல்லாம் இந்தப் போலிமையின் மேல்தான் நிற்கிறது.

திரையில் நடப்பது: ஒளியோடு ஒளி சேர்த்தல்

கைபேசித் திரையில் முழுக்க மஞ்சளாக ஒரு படத்தை வைத்து, விரல் நுனியால் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றைத் தெளித்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். அதனுள்ளே மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது. சிவப்பும் பச்சையும் மாறிமாறி எரிந்துகொண்டிருக்கும், நீலப் புள்ளிகள் அணைந்திருக்கும். வெள்ளைப் படத்துக்கு மாற்றினால் நீலமும் எரியத் தொடங்கும். புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பதால் கண்ணுக்குள் அவை ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. திரையில் மஞ்சள் அலைநீளம் தேவையே இல்லை. மஞ்சள் வந்தால் கூம்புகள் என்ன சொல்லுமோ அதையே சொல்ல வைத்தால் போதும்.

இதற்குக் கூட்டல் கலப்பு என்று பெயர். இருட்டில் தொடங்கி ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், பச்சையும் நீலமும் சேர்ந்தால் சயான், நீலமும் சிவப்பும் சேர்ந்தால் மெஜந்தா. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. முதன்மை நிறங்கள் மூன்று என்பது ஒளியின் குணம் அல்ல என்பது இப்போது தெளிவாகியிருக்கும். கூம்புகள் மூன்று வகை, ஆகவே அவற்றைக் கட்டுப்படுத்த மூன்று பிடிகள் தேவை. நெடுவை அதிகமாகக் கிளப்ப ஒரு சிவப்பு, நடுவுக்கு ஒரு பச்சை, குறுவுக்கு ஒரு நீலம். கூம்புகள் நான்கு வகையாக இருந்திருந்தால் திரையில் நான்கு புள்ளிகள் வேண்டியிருக்கும்.

மெஜந்தாவை மட்டும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நிறமாலையில் தேடினால் அது எங்கும் கிடைக்காது. நெடுவும் குறுவும் கிளர்ச்சியடைந்து நடு சும்மா இருக்கும் நிலையை எந்தத் தனி அலைநீளத்தாலும் உண்டாக்க முடியாது. பட்டையின் இரு முனைகளும் சேர்ந்தால்தான் அது நடக்கும். அதற்காக மெஜந்தா "பொய்யான நிறம்" என்று சிலர் சொல்வது சரியல்ல. எல்லா நிறமும் அந்த மூன்று எண்களிலிருந்தே பிறக்கும்போது, மெஜந்தா மட்டும் எப்படிக் குறைந்துபோகும்?

கண்ணில் மூன்று வகை உணர்வுறுப்புகள் இருக்க வேண்டும் என்று ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் 1802இல் ஊகித்தார். செல்களை யாரும் அடையாளம் காணாத காலம் அது. 1861இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, அதே வடிகட்டிகள் வழியாகத் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாய்ச்சி வண்ணப் படமாகக் காட்டினார். இன்றைய ஒவ்வொரு திரையும் அந்தச் சோதனையின் வாரிசுதான்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கூம்புகளின் எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருப்பதால், நடுவை மட்டும் தொட்டு மற்றவற்றைத் தொடாத பச்சை ஒளி என்று ஒன்று கிடையாது. அதனால் எந்த மூன்று விளக்குகளைத் தேர்ந்தெடுத்தாலும் கண்ணால் காணக்கூடிய எல்லா நிறங்களையும் உண்டாக்க முடியாது. நிறமாலையின் தூய நீலப்பச்சை எந்தத் திரையிலும் அதே செறிவோடு தெரிவதில்லை.

சாயத்தில் நடப்பது: கழித்தலின் மேல் கழித்தல்

நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் சேர்ந்தால் பச்சை. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் சேர்ந்தால் வெள்ளை. இதற்கும் சான்று எல்லோர் தலைக்கு மேலும் எரிகிறது. வெள்ளை எல்இடி விளக்கின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் பூசியிருக்கும் ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மஞ்சள் பகுதி ஒளியாக மாற்றி வெளிவிடுகிறது. மிஞ்சிய நீலமும் பிறந்த மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாகின்றன. சில்லு வெளியே தெரியும்படி அமைந்த விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்த மஞ்சள் பூச்சே கண்ணுக்குத் தெரியும். பிரகாசமான நீல எல்இடியைக் கண்டறிந்த மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் சாயத்தில் மட்டும் பச்சை எங்கிருந்து வருகிறது? இரண்டு சல்லடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரிய மணிகளைத் தடுத்துவிட்டு சிறியதையும் நடுத்தரத்தையும் விடுகிறது. மற்றொன்று எப்படியோ சிறியதைத் தடுத்துவிட்டு நடுத்தரத்தையும் பெரியதையும் விடுகிறது. இரண்டையும் தாண்டி வருவது நடுத்தர மணி மட்டும். நீலச் சாயம் நெடிய அலைகளான சிவப்பை விழுங்கி, நீலத்தையும் ஓரளவு பச்சையையும் விடுகிறது. மஞ்சள் சாயம் நீலத்தை விழுங்கி, பச்சையையும் சிவப்பையும் விடுகிறது. இரண்டின் துகள்களும் கலந்த பூச்சுக்குள் ஒளி புகுந்து, துகளுக்குத் துகள் முட்டித் திரும்பும்போது இரண்டு கழித்தல்களுக்கும் ஆளாகிறது. தப்பி வருவது பச்சை மட்டும். பச்சை அங்கே புதிதாகப் பிறக்கவில்லை. இரண்டு சாயங்களும் விட்டுவைத்த பொதுவான மிச்சம் அது. நீலச் சாயம் துளியும் பச்சையை எதிரொளிக்காததாக இருந்தால், கலவை அழுக்குக் கறுப்பாகத்தான் இருக்கும்.

இதற்குக் கழித்தல் கலப்பு என்று பெயர். வெள்ளையில் தொடங்கி ஒளியைக் குறைத்துக்கொண்டே போகிறோம். ஒளிக் கலப்பும் சாயக் கலப்பும் வேறு வேறு வினைகள் என்பதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852இல் பிரித்துக் காட்டினார். அதுவரை அறிஞர்களுக்கும் இதில் தெளிவு இருக்கவில்லை.

மூவரின் சண்டை தீரும் இடம்

இப்போது கேள்வியை இப்படிக் கேட்கலாம்: வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியைக் குறைத்து நெடு, நடு, குறு மூன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்த எந்த மைகள் வேண்டும்? சிவப்புப் பகுதியை மட்டும் விழுங்கும் மை ஒன்று. அது பச்சையையும் நீலத்தையும் விட்டுவிடுவதால் சயானாகத் தெரியும். பச்சைப் பகுதியை மட்டும் விழுங்குவது மெஜந்தா. நீலப் பகுதியை மட்டும் விழுங்குவது மஞ்சள். அச்சகத்தின் மூன்று மைகளும் வந்துவிட்டன. திரையின் சிவப்பு, பச்சை, நீலத்தைக் கூட்டுவதும், அச்சின் சயான், மெஜந்தா, மஞ்சளைக் கொண்டு அதே சிவப்பு, பச்சை, நீலத்தைக் குறைப்பதும் ஒரே மூன்று பிடிகளை இரண்டு முனைகளிலிருந்து திருகுவதுதான். இதைப் புரிந்துகொண்டபின் மனப்பாடம் செய்ய எதுவும் மிச்சமில்லை. எந்த இரண்டைச் சேர்த்தால் என்ன வரும் என்பதை யாரும் தாமே கணக்கிட்டுவிடலாம். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால்? பச்சை போயிற்று, நீலம் போயிற்று, மிஞ்சியது சிவப்பு.

ஓவியம் கற்பவரின் சிவப்பு, மஞ்சள், நீலம் இதன் தோராயமான வடிவம். நல்ல மெஜந்தாவும் சயானும் கிடைக்காத காலத்தில், அவற்றுக்கு அருகில் இருந்த சிவப்பையும் நீலத்தையும் வைத்துச் சமாளித்த மரபு அது. அதன் குறை ஊதாவை உண்டாக்கும்போது வெளிப்படும். சிவப்புச் சாயம் ஏற்கெனவே பச்சையையும் நீலத்தையும் விழுங்குகிறது, நீலச் சாயம் சிவப்பை விழுங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அதிகம் எதுவும் மிஞ்சாமல் மங்கிய, சேறு போன்ற ஊதாதான் வரும். "நான் அளவைத் தவறாகக் கலந்துவிட்டேன்" என்று வருந்தும் குழந்தையிடம் தவறு அதன் கையில் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். சிவப்புக்குப் பதிலாக மெஜந்தாவைக் கொடுத்துப் பாருங்கள், ஊதா தெளிவாக வரும்.

அச்சில் நான்காவதாகக் கறுப்பு வருவது நடைமுறைக் காரணத்துக்காக. உண்மையான மைகள் தாம் விழுங்க வேண்டிய பகுதியை மட்டும் கச்சிதமாக விழுங்குவதில்லை. மூன்றையும் சேர்த்தால் கரும்பழுப்புதான் வரும். எழுத்துகள் கூர்மையாக விழவும் மை மிச்சமாகவும் தனிக் கறுப்பு உதவுகிறது. திரையில் பளிச்சென்றிருந்த பச்சை அச்சில் மங்கிப்போவதற்கும் மைகளின் இதே குறைதான் காரணம்.

சுருக்கமாக: ஒளியைக் கூட்டினால் வெள்ளையை நோக்கிப் போகிறோம், சாயத்தைக் கூட்டினால் கறுப்பை நோக்கிப் போகிறோம். இரண்டிலும் கடைசியில் மாறுவது மூன்று கூம்புகளின் எண்கள்.

சுழலும் வட்டு ஏன் சாம்பலாகத் தெரிகிறது

ஏழு நிறம் தீட்டிய அட்டை வட்டைச் சுழற்றினால் வெள்ளையாகத் தெரியும் என்று பள்ளியில் சொல்வார்கள். செய்து பார்த்தவர்களுக்குச் சாம்பல்தான் தெரிந்திருக்கும். சோதனை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், சாம்பல்தான் சரியான விடை. வட்டின் ஒவ்வொரு துண்டும் தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. சுழலும்போது கண் அவற்றின் சராசரியை எடுக்கிறது. எல்லா நிறமும் சம அளவில் இருப்பதால் சராசரிக்குத் தனி நிறம் இல்லை. ஆனால் மொத்த ஒளி வெள்ளைத் தாள் தருவதைவிட மிகவும் குறைவு. நிறமற்ற, மங்கலான ஒளி என்றால் அது சாம்பல். நெருங்கிய புள்ளிகளால் ஆன ஓவியத்திலும், இரு நிற நூல்கள் ஊடும் பாவுமாக ஓடும் துணியிலும் நடப்பது இதே சராசரிதான்.

விளக்கு மாறினால்

விளக்கொளியில் ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு துணிகள் வெயிலில் வேறு வேறாகத் தெரிவது பலரும் கண்டது. இரண்டிலும் உள்ள சாயங்கள் வேறு. ஆகவே அவை கழிக்கும் அலைநீளங்களும் வேறு. அந்த விளக்கின் கீழே மூன்று எண்களும் தற்செயலாக ஒத்துப்போயின. வேறு கலவை உள்ள சூரிய ஒளியில் ஒத்துப்போகவில்லை. முன்பு சொன்ன நிறப்போலியின் மறுபக்கம் இது. நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் குறைந்தது இரண்டு வகை ஒளியில் பார்ப்பது நல்லது.

ஆனால் விளக்கு மாறும்போதெல்லாம் உலகமே நிறம் மாறித் தெரிவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய இழை பல்பின் ஒளியில் நீலம் குறைவு, சிவப்பு மிக அதிகம். அதன் கீழும் வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளைதான். மூளை மூன்று எண்களை அப்படியே நம்பிவிடுவதில்லை. சுற்றிலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, விளக்கின் சாயலைத் தள்ளிவிட்டுப் பொருளின் நிறத்தை ஊகிக்கிறது. 2015இல் ஓர் உடையின் புகைப்படம் உலகை இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கலாம். நீலமும் கறுப்புமான அந்த உடையைப் பலர் வெள்ளையும் பொன்னிறமுமாகக் கண்டார்கள். படத்தில் விளக்கு எப்படிப்பட்டது என்பதற்குத் தெளிவான குறிப்பு இல்லாததால், மூளைக்கு மூளை ஊகம் வேறுபட்டது. பழுப்பு நிறமும் இப்படி ஒப்பீட்டில் பிறப்பதுதான். தன்னைவிடப் பிரகாசமான சூழலின் நடுவே மங்கிய ஆரஞ்சு பழுப்பாகத் தெரிகிறது. இருட்டறையில் தனியாக எரியும் பழுப்பு விளக்கு என்று ஒன்றை யாரும் பார்த்திருக்க முடியாது.

கண் மாறினால்

தேனீக்கும் மூன்று வகை உணர்வுறுப்புகள் உண்டு. ஆனால் அவை புற ஊதா, நீலம், பச்சைப் பகுதிகளுக்கானவை. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சில பூக்களில் அது புற ஊதாக் கோலங்களைக் காண்கிறது. பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள். நாய்க்கு இரண்டு. நம் கைபேசித் திரை மனிதக் கூம்புகளுக்காகச் செய்யப்பட்டது. அதில் தெரியும் பூவும் நேரில் உள்ள பூவும் ஒரே நிறமாகப் பறவைக்குத் தெரிய வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

மனிதர்களிலும் எல்லோர் கண்ணும் ஒன்றல்ல. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாட்டைக் காண்பதில் குறை உண்டு. பெண்களில் இது அரை சதவீதம் அளவுதான். நடு, நெடு கூம்புகளின் நிறமிக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும், ஆண்களுக்கு அது ஒன்றே ஒன்றாக இருப்பதும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். நிறக்குருடு என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறங்களைக் காண்கிறார்கள். சில நிறங்களைப் பிரித்தறிவதில்தான் தடுமாற்றம்.

அணுக் கொள்கைக்குப் பெயர்பெற்ற ஜான் டால்டனுக்கும் இந்தக் குறை இருந்தது. தன் பார்வை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவதை உணர்ந்து, 1794இல் அதைப் பற்றி விரிவாகப் பேசினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச் சாயல் கொண்டது, அதுவே சிவப்பை வடிகட்டிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். தன் மறைவுக்குப் பிறகு கண்ணைத் திறந்து சோதிக்கும்படியும் சொல்லிவைத்தார். 1844இல் அவர் இறந்தபோது அப்படியே செய்தார்கள். திரவம் நிறமற்றதாக, தெளிவாக இருந்தது. காரணத்தை ஒளியின் பாதையில் தேடியதுதான் அவர் விளக்கத்தின் பிழை. பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய கண் திசுவிலிருந்து மரபணுவை எடுத்து 1995இல் ஆராய்ந்தார்கள். நடு அலைக் கூம்பின் நிறமிக்கான மரபணு அதில் இல்லை.